2.0 வெளியீடு: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது, எப்போது வெளியிடுவது?

கொருக்குப்பேட்டை_நிரலர் (பராமரிப்பாளர்)

நண்பர்களுக்கு வணக்கம். நமது தமிழ் உரை நிரலகத்தின் (பிறர் தம் நிரல்களில் எடுத்தாள நாம் பைத்தான் நிரல்மொழியில் எழுதித் தரும் தொகுப்பின்) 2.0 பதிப்பைத் திட்டமிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிரல் எழுதுகிறவர்கள் நாம் சில பேர்தான். அதை நம்பி அன்றாட வேலை பார்க்கிறவர்களோ பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை இருக்கிறார்கள். ஆகவே ஒரு வரியில் கைவைப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடுகிறேன்.

பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மாறினால் வழு நீக்கம், அதாவது பிழைத் திருத்தம். நடு இலக்கம் மாறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது, பழைய நிரல் அப்படியே ஓடும். முதல் இலக்கம் மாறினால் பழைய நிரல் ஓடாமல் போகலாம். அந்த முதல் இலக்கத்தை இதுவரை தொடாமல், 1.x என்ற வரிசையிலேயே காத்து வந்திருக்கிறோம். இப்போது தொட்டே ஆக வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு.

பெரிய காரணம் அகரவரிசை. நமது வரிசைப்படுத்தும் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்துண்டு), ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு என்ற பொது அட்டவணை தரும் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி வருகிறது. அலை, அழகு, அறம், அன்பு என்று அகராதியில் வரவேண்டிய சொற்களை நாம் அன்பு, அறம், அலை, அழகு என்று அடுக்கித் தருகிறோம். தமிழுக்கென்று எழுதிய நிரலகம் இப்படிச் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது ‘நீளம்’ செயற்கூறு. ‘கோ’ ஓரெழுத்து ஒருமொழி. நமது நிரலகம் ககரத்தையும் ஓகாரக் குறியையும் தனித்தனி யூனிகோடு குறிகளாக எண்ணி அதன் நீளம் 2 என்கிறது. 2.0-வில் 1 என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, டாம், டாப், டிஸ்கி, பாமினி முதலிய பழைய குறியாக்கங்களின் (யூனிகோடு பரவுவதற்கு முன் எழுத்துகளுக்கு எண் கொடுத்த முறைகளின்) மாற்றிகள். நிரலகத்தின் பெரும்பகுதி இவற்றின் அட்டவணைகளால்தான் கனக்கிறது. நீக்கலாமா என்று கேட்கிறேன், முடிவு செய்துவிடவில்லை. இதனுடன் பைத்தான் 3.8, 3.9 இரண்டையும் விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன். அவற்றுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் முறையே 2024, 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன.

தேதி: சித்திரை முதல் நாள் வெளியிட்டால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. சொல்லுங்கள்.

வண்ணை_வாலிபர்

அண்ணா, பழைய குறியாக்கங்களை மிச்சமில்லாமல் நீக்கிவிடுங்கள். 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எழுத்துருவுக்கு ஒரு அட்டவணை என்று நாம் ஏன் சுமக்க வேண்டும்? நிரல் எழுத வரும் கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள். நானே இரண்டு பேரை அழைத்து வந்து இழந்திருக்கிறேன்.

பழையதை விடமுடியாமல் இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்குப் பைத்தானே சாட்சி. 3.0 வந்தது 2008 டிசம்பரில். 2.7-ஐ 2015-இல் கைவிடுவதாக இருந்தார்கள். முடியாமல் 2020 ஜனவரி வரை தள்ளிப்போட்டார்கள். பதினோரு ஆண்டுகள் இரண்டு குடும்பங்களுக்குச் சமைத்த கதை அது.

ஆண்டர்சன்_தெரு

தம்பி, நான் நிரல் எழுதுகிறவன் அல்லன். பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் நீக்கச் சொல்லும் அட்டவணைதான் எங்கள் கடையைக் காலையில் திறந்து வைக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வடிவமைப்பாளர் வேலை செய்வது பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். 2001-இல் வந்தது. அதற்குப் பின் அடுத்த பெரிய பதிப்பே வரவில்லை. அதற்கு யூனிகோடு தெரியாது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் பெயர்களையும் முகூர்த்த நேரத்தையும் யூனிகோடில் அனுப்புகிறார். அதை அப்படியே ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் விழும். உங்கள் நிரலகத்தை வைத்து எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். மேலே ஒட்டி, பொத்தானை அழுத்தினால் கீழே எங்கள் எழுத்துருவுக்கு ஏற்றபடி வருகிறது. அவ்வளவுதான். அது இல்லாத காலத்தில் எல்லாவற்றையும் கையால் மறுபடி தட்டச்சு செய்வோம். தட்டச்சில் மணமகனின் தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அச்சான அட்டை முழுவதும் கழிவுக் காகிதம். அட்டை விலையையும் நாங்களே ஏற்க வேண்டும், உறவு முறிந்த வருத்தத்தையும் நாங்களே ஏற்க வேண்டும்.

அந்தக் கணினி விண்டோஸ் 7. அதில் ஓடக்கூடிய கடைசிப் பைத்தான் 3.8 என்று பிள்ளை சொன்னான். ஆக, உங்கள் பட்டியலில் இரண்டு இடத்தில் எங்கள் கடை அடிபடுகிறது.

வண்ணை_வாலிபர்

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய மென்பொருளுக்கு மாறிவிடக் கூடாதா? யூனிகோடில் வேலை செய்யும் கட்டற்ற வடிவமைப்பு மென்பொருள் ஸ்கிரைபஸ் இருக்கிறது, விலையும் இல்லை.

ஆண்டர்சன்_தெரு

மாறலாம். புதிய வேலைகளை மாற்றிக்கொண்டும் வருகிறோம். ஆனால் பிள்ளையார் படம், வாழைமரம், ஓரப்பூ வேலைப்பாடு என்று எங்களிடம் உள்ள மாதிரிகள் எல்லாம் அந்தப் பழைய கோப்புகளில் இருக்கின்றன. வாடிக்கையாளர் ஆல்பத்தைப் புரட்டி, “என் அக்கா கல்யாணத்துக்கு அடித்தீர்களே, அதே மாதிரி வேண்டும்” என்கிறார். அந்தக் கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் வரிகள் இடம் மாறிவிடுகின்றன. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆளும் நேரமும் வேண்டும். நாங்கள் மாறமாட்டோம் என்று சொல்லவில்லை தம்பி. ஒரே நாளில் மாறச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. பத்திரிகையின் தலைப்பிலேயே ‘ஸ்ரீ’ வரும். சில கைப்பேசிகளிலிருந்து வரும் ‘ஸ்ரீ’ மட்டும் உடைந்துபோய் விழுகிறது. திரையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. இது ஏன்?

ஒற்றியூரார்

ஐயா கேட்ட ‘ஸ்ரீ’யிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தட்டச்சு செய்ய இரண்டு வழி உண்டு. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று. 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்த்த ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. எழுத்துரு இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டுகிறது. நமது அட்டவணைக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இது வழு. வழுவைத் திருத்த 2.0 வரை காத்திருக்க வேண்டியதில்லை, 1.x-இலேயே இந்த வாரம் திருத்தி அனுப்பலாம்.

இப்போது பெரிய விஷயம். எதை நீக்குவது என்ற கேள்விக்கு நடுவழி இருக்கிறது. பழைய குறியாக்க மாற்றிகளைத் தனித் தொகுப்பாகப் பிரித்துவிடுவோம். மைய நிரலகம் இலேசாகும். புதிதாக வரும் பிள்ளைகள் அந்த அட்டவணைகளைப் பார்க்கவே வேண்டாம். தேவைப்படுகிறவர்கள் அதைத் தனியாக நிறுவிக்கொள்வார்கள். அட்டவணைகள் மாறாத பொருள். டாப் குறியாக்கத்துக்கு நாளை புதிய எழுத்து சேரப்போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சோதனைகளை ஓட்டிப் பார்த்தாலே போதும். அந்தத் தொகுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதில் பைத்தான் 3.8-க்கான ஆதரவையும் விடமாட்டேன்.

பைத்தான் 3-ஐ வாலிபர் சாட்சிக்கு அழைத்தார். நான் நம்பையை, அதாவது பைத்தானின் எண்கணக்கு நிரலகத்தை, அழைக்கிறேன். 1.0 வந்தது 2006-இல், 2.0 வந்தது 2024 ஜூனில். உலகத்தின் அறிவியல் கணக்கில் பெரும்பங்கு அதன் மேல்தான் நிற்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? 2.0-வை வைத்துத் தொகுத்த நிரல் 1.x-இலும் ஓடும்படி அமைத்தார்கள். முன்வெளியீடுகளை (சோதித்துப் பார்ப்பதற்கான பதிப்புகளை) முன்கூட்டியே கையில் கொடுத்துச் சார்ந்திருப்பவர்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வந்தது என்பதைத் தானாகவே கண்டுபிடித்து மாற்றித்தரும் கருவியும் இருந்தது. சிரமமே இல்லாமல் முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினோரு ஆண்டுகள் இழுக்கவில்லை.

அலைச்செய்தி

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் படகுக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்ன ஏற்பாடு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் தரும் கடல்நிலை முன்னறிவிப்பைச் சுருக்கித் தமிழில் அனுப்புவோம். பலரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி.

‘நீளம்’ பற்றிப் படித்ததும் திடுக்கிட்டேன். தமிழில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்தியில் 70 குறிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் போனால் செய்தி துண்டாகும். துண்டுக்கு 67 குறிகள். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். எங்கள் நிரல் அனுப்புவதற்கு முன் ‘நீளம்’ பார்த்து, 70-ஐத் தாண்டினால் நிறுத்திச் சுருக்கச் சொல்லும்.

“கடல் கொந்தளிப்பு” என்று எழுதுகிறோம். எழுத்தாக எண்ணினால் நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 10. குறியாக எண்ணினால் 16. நீங்கள் 2.0-வில் ‘நீளம்’ எழுத்தை எண்ணும்படி மாற்றினால் எங்கள் நிரல் நிற்காது, பிழை காட்டாது, எச்சரிக்காது. 60 என்று நினைத்துக்கொண்டு 95 குறிகளை அனுப்பும். மாதக் கடைசியில் இரட்டிப்புக் கட்டணம் வந்த பிறகுதான் தெரியும். பொத்தான் கைப்பேசியில் இரண்டாவது துண்டு முந்தி வந்துவிட்டால், “செல்ல வேண்டாம்” என்ற பகுதி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் விஷயத்தில் இது விளையாட்டில்லை.

கொருக்குப்பேட்டை_நிரலர் (பராமரிப்பாளர்)

> நிற்காது, பிழை காட்டாது, எச்சரிக்காது

அக்கா, இந்த வரிதான் 2.0-வின் விதி. இதை நிரலகத்தின் வழிகாட்டிக் கோப்பிலேயே எழுதி வைக்கப் போகிறேன்.

ஒரு செயற்கூறு இல்லாமல் போனால் நிரல் உடனே நிற்கும். எங்கே, எந்த வரி என்று சொல்லும். அன்றைக்கே சரிசெய்துவிடலாம். பெயர் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறினால் யாருக்கும் தெரியாமல் பல மாதம் தவறு நடக்கும். முன்னது தொல்லை, பின்னது ஆபத்து. ஆகவே 2.0-வில் எந்தப் பழைய பெயருக்கும் புதிய பொருள் கொடுக்கமாட்டோம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் நமக்குப் பெயருக்கா பஞ்சம்? எழுத்தை எண்ண ‘எழுத்தெண்ணிக்கை’, குறியை எண்ண ‘குறியெண்ணிக்கை’. ‘நீளம்’ 1.x-இலேயே, விரைவில் நீக்கப்படும் என்ற விலக்க எச்சரிக்கை காட்டத் தொடங்கும், “எழுத்தா, குறியா, எது வேண்டும்?” என்று கேட்கும். 2.0-வில் ‘நீளம்’ இருக்காது.

வியாசர்பாடி_படிப்பகம்

அப்படியானால் அகரவரிசைக்கும் அதே விதியா? எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் நூல்பட்டியலை உங்கள் வரிசைப்படி அடுக்கிக் கோப்பாகச் சேமித்திருக்கிறோம். பிள்ளைகள் பெயரைத் தட்டினால் நிரல் பட்டியலின் நடுவில் பார்த்து, முன்னே பின்னே என்று பாதிபாதியாகக் குறைத்துத் தேடும். பட்டியல் பழைய வரிசையிலும் ஒப்பிடுவது புதிய வரிசையிலும் இருந்தால், அலமாரியில் இருக்கும் புத்தகத்தையே “இல்லை” என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளை இரண்டாவது முறை கேட்காது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விடும்.

ஒற்றியூரார்

மிக நல்ல கேள்வி. இது பெரிய இடங்களிலேயே நடந்திருக்கிறது. 2018-இல் லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்தபோது எழுத்து வரிசை விதிகளைப் பெரிதாக மாற்றினார்கள். இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில் அடைவுகள் (தேடுவதற்காக வரிசைப்படுத்திச் சேமித்த பட்டியல்கள்) பழைய வரிசையிலேயே இருந்தன. இருக்கும் பதிவைத் தேடினால் கிடைக்கவில்லை. ஒன்றுதான் இருக்கலாம் என்ற இடத்தில் ஒரே பதிவு இரண்டு முறை நுழைந்தது. அடைவுகளை மறுபடி கட்டிய பிறகே சரியானது.

நாம் சேமிக்கும் அடைவுக் கோப்பின் முதல் வரியில் வரிசை விதியின் பதிப்பை எழுதி வைக்க வேண்டும். 2.0 அதைத் திறக்கும்போது பழைய விதி என்று கண்டால் தேடாமல் நின்று, “அடைவை மீண்டும் கட்டுங்கள்” என்று சொல்ல வேண்டும். எண்ணே இல்லாத கோப்பு என்றால் பழையது என்று கொள்ளலாம்.

வியாசர்பாடி_படிப்பகம்

அது போதும். கட்டுவதற்கு ஓர் இரவு கூட ஆகாது. அடைவைக் கட்டும்போதே இன்னொரு குறையையும் தீர்க்க முடியுமா? எங்கள் பட்டியலில் ஔவையார் இரண்டு இடத்தில் இருக்கிறார். ஒருவர் ‘ஔ’ என்ற உயிரெழுத்தைத் தட்டியிருக்கிறார். இன்னொருவர் ‘ஒ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ தட்டியிருக்கிறார். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ‘கௌ’ போன்ற உயிர்மெய்யிலும் இதே குழப்பம். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்கம் இதைச் சேர்க்கவில்லை. 2.0-வில் தானாகவே திருத்திவிட்டால் என்ன?

அலைச்செய்தி

வேண்டவே வேண்டாம்! ‘கெ’ பக்கத்தில் ‘ள’ வந்தால் ‘கௌ’ ஆக்கிவிடுவீர்கள் என்றால் கெளுத்தி மீன் என்ன ஆகும்? ஏலத்தில் வந்த மீன் விவரமும் இதே நிரலகத்தின் வழியாகத்தான் போகிறது.

வண்ணை_வாலிபர்

அக்கா சொல்வது சரி. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. கெளுத்தியில் ளகரத்துக்குப் பின் உகரக் குறி வருகிறது. ‘தெளிவு’ என்றால் இகரக் குறி, ‘வெள்ளி’ என்றால் புள்ளி. ஔகாரத்துக்காகத் தவறுதலாகத் தட்டிய ளகரத்துக்குப் பின் எந்தக் குறியும் வராது. ‘பெளர்ணமி’ என்று தட்டியிருந்தால் ளகரத்தை அடுத்து நேராக ‘ர்’ வரும். குறி ஒட்டிய ளகரத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் கெளுத்தி தப்பிக்கும். இதை நான் எழுதித் தருகிறேன். சோதனைக்கு அக்காவின் மீன் பெயர்ப் பட்டியலும் படிப்பகத்தின் நூல்பட்டியலும் வேண்டும்.

பழைய குறியாக்கங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. தனித் தொகுப்பு என்றால் எனக்கு எதிர்ப்பில்லை. புதியவர்கள் மைய நிரலகத்தைத் திறந்து பயப்படக் கூடாது என்பதுதான் என் கவலை; அது தீர்ந்துவிடுகிறது.

கொருக்குப்பேட்டை_நிரலர் (பராமரிப்பாளர்)

எழுதுங்கள் தம்பி. ஆனால் கேட்டால் மட்டும் திருத்தும் தனிச் செயற்கூறாக இருக்கட்டும். வேறொருவர் எழுதிய எழுத்தை அவரைக் கேட்காமல் மாற்றுவது நிரலகத்தின் வேலையில்லை.

ஒற்றியூரார்

தேதிக்குப் போவதற்கு முன் சாவிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் நமது தொகுப்பை வெளியிடும் உரிமை இன்று ஒரே ஒருவரிடம் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் வழுநீக்கம் நிற்கும். கைப்பேசி தொலைந்தால் இரட்டைச் சரிபார்ப்பைத் தாண்டி உள்ளே போக முடியாது. இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும்.

அதே சமயம், யார் கேட்டாலும் கொடுத்துவிடவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலகத்தில் வெளிப்பட்டது நினைவிருக்கட்டும். களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்தவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நல்ல பெயர் எடுத்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று விடாமல் தோண்டியதால்தான் வெளியே வந்தது. நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நாம் எல்லோரும் நேரில் பார்த்துப் பழகியவர்கள். இரண்டாவது சாவியை நேரில், எல்லோர் முன்னிலையிலும் கொடுப்போம்.

வெளியிட்ட பின் மனம் மாறினாலும் அதே கோப்புப் பெயரில் திருத்தி ஏற்றக் களஞ்சியம் விடாது. ஏற்றியது ஏற்றியதுதான். அதனால் முன்வெளியீடு இல்லாமல் 2.0-வை நேராக ஏற்றக் கூடாது. முன்வெளியீட்டை வெளிப்படையாகக் கேட்டால்தான் பிப் என்ற நிறுவும் கருவி நிறுவும், கேட்காதவர்களுக்கு வராது.

ஆண்டர்சன்_தெரு

தேதியைப் பற்றி நான் சொல்லலாம் என்றால், சித்திரை வேண்டாம். சித்திரையும் வைகாசியும் எங்கள் தெருவில் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள். காகிதக் கட்டு ஏற்றிய மீன்பாடி வண்டிகள் ஒன்றையொன்று தாண்டமுடியாமல் நிற்கும். அந்த நேரத்தில் எந்தக் கடைக்காரரும் கணினியில் புதிதாக ஒன்றை நிறுவவிடமாட்டார்.

ஆடியில் வையுங்கள். கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் கூழ்வார்த்தல் நோட்டீஸ் வரும், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் ஆடிப்பெருக்கு தாண்டினால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரத் தொடங்கிவிடும். ஆகவே ஆடியின் முதல் வாரம்.

அலைச்செய்தி

எனக்கும் அது ஒத்துவருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகளுக்கு மட்டும் செய்தி போகும். முன்வெளியீட்டை அப்போது கொடுத்தால் நிஜமான செய்திகளை வைத்தே சோதித்துப் பார்க்கிறேன். கோளாறு என்றால் கையால் அனுப்பிச் சமாளிக்கும் அளவுதான் இருக்கும். தடை முடிந்து படகுகள் கிளம்பிய பிறகு என்னிடம் சோதனை என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

வியாசர்பாடி_படிப்பகம்

எங்களுக்கும் மே மாதம் விடுமுறை. அடைவை மீண்டும் கட்டிப் பார்க்க வசதியான காலம். இரண்டாவது சாவியைக் கொடுக்கும் கூட்டத்தை எங்கள் கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை காலியாக இருக்கும். விசிறியும் மின்செருகிகளும் உண்டு.

கொருக்குப்பேட்டை_நிரலர் (பராமரிப்பாளர்)

நான் சித்திரை என்றது நம் நிரலகத்தின் பிறந்தநாளை நினைத்து. நீங்கள் சொல்வது வேலை செய்கிறவர்களின் பஞ்சாங்கம். அதன்படியே போவோம்.

‘ஸ்ரீ’ வழுநீக்கத்தோடு 1.x-இன் அடுத்த பதிப்பு இந்த வாரம் வரும். அதற்கடுத்ததில் ‘நீளம்’ எச்சரிக்கையும் அடைவுக் கோப்புக்கான விதி எண்ணும் சேரும். தடைக்காலம் தொடங்கும்போது முன்வெளியீடு. அது கையில் கிடைத்த பிறகு புதிய வசதி எதையும் சேர்க்கமாட்டோம், யார் கேட்டாலும் சரி. ஆடி முதல் வாரம் 2.0, அதே நாளில் பழைய குறியாக்கங்களின் தனித் தொகுப்பும் வரும். ஒன்று தயாராகவில்லை என்றால் இரண்டுமே காத்திருக்கும். மைய நிரலகம் முந்திப் போய் அச்சகங்கள் நடுத்தெருவில் நிற்பதை ஏற்கமாட்டேன்.

1.x கிளைக்கு அடுத்த ஆண்டு ஆனி முடியும் வரை வழுநீக்கம் தொடரும். அதற்குள் அச்சகங்களுக்கு ஒரு முழு முகூர்த்தச் சுற்று கிடைக்கும். மாற்றக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் சுருக்கும் பழக்கம் இந்த முறை வேண்டாம். தமிழில் முழுதாக எழுதுவோம். எதை அழித்து எதை எழுத வேண்டும் என்று பழைய வரி, புதிய வரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவோம்.

இரண்டாவது சாவியை ஒற்றியூரார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன். மறுப்பு இருந்தால் இங்கேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அலைச்செய்தி

மறுப்பில்லை. மீன் பெயர்ப் பட்டியலை இன்று இரவு அனுப்புகிறேன். கெளுத்தியோடு ‘கெளிறு’ம் அதில் இருக்கிறது, தம்பி இரண்டையும் சோதிக்கட்டும்.

வண்ணை_வாலிபர்

எனக்கும் சம்மதம். ஐயா, விண்டோஸ் 7-இல் தனித் தொகுப்பு ஓடுகிறதா என்று உங்கள் கணினியிலேயே பார்க்க வேண்டும். என்னிடம் அந்தப் பழைய இயங்குதளம் இல்லை. எந்த நேரம் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது?

ஆண்டர்சன்_தெரு

சனிக்கிழமை மதியம் வாருங்கள் தம்பி. வடிவமைப்பாளர் சாப்பிடப் போகும் நேரம் கணினி சும்மா இருக்கும். பேஜ்மேக்கரை மட்டும் மூடிவிடாதீர்கள். பாதி வேலை திறந்திருக்கும். ‘ஸ்ரீ’ உடைந்து வந்த செய்திகளையும் எடுத்து வைக்கிறேன்.